எந்த நாட்டுத் தகடும் ஓடும் பிளேயர் எது?

அட்டைப்பெட்டியில் ‘ஆல் ரீஜன்’ என்று அச்சிட்டிருப்பது விற்பவரின் வாக்கு. அதை அளவுகோலாக வைத்து ஒரு கருவியை மதிப்பிட முடியாது. எந்த நாட்டுத் தகட்டையும் ஏற்கிறதா என்ற கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: மண்டலப் பூட்டைக் கடக்கிறதா, ஐரோப்பிய பால் (PAL) தகட்டையும் அமெரிக்க என்டிஎஸ்சி (NTSC) தகட்டையும் கெடுக்காமல் காட்டுகிறதா, நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறதா, நம் காற்றில் நிலைக்கிறதா. வெளிநாட்டு மதிப்புரைகள் கடைசிக் கேள்வியை எழுப்புவதே இல்லை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரையிலான கடலோரத்திலோ அதுதான் முதலில் கேட்க வேண்டியது.

இப்பகுதி வீடுகளின் தகட்டு அலமாரி கலவையானது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு விடுதிகளில் ஐரோப்பியப் பயணிகள் விட்டுப்போன டிவிடிகள் 2ஆம் மண்டலத்தவை. சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தவை 1ஆம் மண்டலத்தவை. செங்கல்பட்டு வீடுகளில் இவற்றோடு ஐங்கரன் நிறுவனத்தின் தமிழ்ப்பட டிவிடியும், 2007இல் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று சந்தையைப் புரட்டிப்போட்ட மோசர் பேயர் தகடுகளும் இருக்கும். பிளேயரை இந்த அலமாரியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தபோதே உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் டொரன்டோத் தமிழர் 1, லண்டன், பாரிஸ் தமிழர் 2, சிங்கப்பூர், கோலாலம்பூர் தமிழர் 3, சிட்னித் தமிழர் 4, சென்னையும் யாழ்ப்பாணமும் 5. ஒரே மொழி பேசும் பார்வையாளர்கள் ஐந்து பூட்டுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். எனவே லண்டன் ஐங்கரன் போன்ற தமிழ் நிறுவனங்கள் பூட்டே இல்லாத என்டிஎஸ்சி தகடுகளை வெளியிட்டன. அவற்றின் தரத்தில் குறை சொல்ல நிறைய உண்டு. படம் முழுக்க மூலையில் நிற்கும் நிறுவனச் சின்னமும் அலட்சியமான வண்ணமும் மன்னிக்கத்தக்கவை அல்ல. ஆனால், காசு கொடுத்தவர் எங்கே இருந்தாலும் பார்க்க முடிய வேண்டும் என்ற அடிப்படைத் தகுதியில், கோடிகளைக் கொட்டிய ஹாலிவுட் நிறுவனங்களைவிட அவை மேலானவை.

பூட்டின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரு படத்தின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் போன்ற சிறு நிறுவனம் வட அமெரிக்காவுக்கு மட்டும் உரிமை வாங்கி, பழைய படமொன்றைத் துலக்கி, கட்டுரைகளோடு தகடாக்குகிறது. அந்தத் தகடு இங்கிலாந்திலும் ஓடினால் அங்கே உரிமை வாங்கியவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பூட்டு இல்லையேல் அப்படிப்பட்ட பதிப்புகளில் பல வந்தே இருக்காது. இதை ஏற்ற பிறகும் ஒரு முரண் எஞ்சுகிறது. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் தீவிபத்தில் கருகின. பல ஆண்டு உழைப்பில் படங்கள் மீட்கப்பட்டு, 2015இல் கிரைட்டீரியன் ப்ளூ-ரேயாக வந்தன. ப்ளூ-ரேயின் மூன்று மண்டலங்களில் அது ‘ஏ’ பூட்டுடையது, இந்தியா ‘சி’. வங்கத்தில் எடுத்த படத்தின் அன்றைய ஆகச் சிறந்த பதிப்பு இந்தியாவுக்கென விற்ற ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. இந்தியச் சந்தையில் அதற்கு ஈடான தகடு இருந்திருந்தால் பூட்டின் நியாயம் நிற்கும். இல்லாதபோது அது சரிந்துவிடுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் ‘பாண்டம் இந்தியா’. அந்த ஆவணத் தொடரின் ஒரு பகுதி முழுக்க அன்றைய மெட்ராஸ்: தேர்த் திருவிழா, கலாக்ஷேத்ரா, சோவின் நாடகம், தமிழ்ப் படப்பிடிப்புத் தளம். பிபிசி இதை ஒளிபரப்பியதால் எழுந்த சர்ச்சையில் 1970இல் அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகமே மூடப்பட்டது. தொடர் 2007இல் மாலின் ஆவணப்படத் தொகுப்பில் டிவிடியாக வந்தது அமெரிக்கச் சந்தைக்கு. தமிழ்ச் சமூகத்தை ஆராய்பவருக்கு இது அலங்காரப் பொருள் இல்லை, ஆதாரம். எல்லா மண்டலத் தகடும் ஓடும் பிளேயர் வேண்டும் என்று நான் வாதிடுவது இத்தகைய ஆதாரங்களுக்காகத்தான்.

இனி கருவிகள். மலிவான டிவிடி பிளேயர்களில் பல, ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் மறைந்திருக்கும் மெனுவைத் திறந்து மண்டலத்தை மாற்றவிடும். எளிமையும் விலையும் இவற்றின் பலம். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கப்படாமலே போகிறது. 2000இலிருந்து ‘தி பேட்ரியாட்’ போன்ற சில அமெரிக்க டிவிடிகளில் கூடுதல் சோதனை ஒன்று புகுத்தப்பட்டது. தகடே பிளேயரிடம் ‘நீ எந்த மண்டலம்’ என்று கேட்கும். 0 என்ற ஒரே நிலையில் நிற்கும் பிளேயரை அடையாளம் கண்டு, உலகப்படத்தைத் திரையில் காட்டி ஓட மறுக்கும். 1 முதல் 6 வரை எதையும் நாமே தேர்ந்து வைக்கக்கூடிய பிளேயரில் அதே தகடு தடையின்றி ஓடும். ஆகவே ‘எல்லாவற்றுக்கும் திறந்தது’ என்பதைவிட ‘நாம் சொன்ன மண்டலமாக மாறுவது’ உயர்ந்த தகுதி. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார். வாங்குபவர் பிரித்துக் கேட்க வேண்டும்.

பூட்டைக் கடந்த பின்னும் ஒரு தடை மீதியிருக்கிறது. ஐரோப்பியத் தகடு 576 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்கத் தகடு 480 வரி, அடிப்படையில் 60 துடிப்பு. அமெரிக்காவில் விற்ற பிளேயர்களில் பல, பால் தகட்டைப் போட்டால் வெறும் கறுப்புத் திரை காட்டும். இந்தியாவில் விற்ற டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் காட்டும். இங்குள்ள தொலைக்காட்சிகளும் அப்படியே. இதுவரை நல்லது. சிக்கல் ஒலியில் இருக்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. பால் தகட்டில் அதை 25 ஆக ஓட்டிவிடுகிறார்கள். 90 நிமிடப் படம் 86 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் ஏறிவிடும். ஏறும் அளவு அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. சண்டைப் படத்தில் இது யாருக்கும் உறைக்காது. பரதநாட்டியமோ கச்சேரியோ உள்ள ஆவணப்படத்தில், ஐந்து கட்டையில் பாடுகிறவர் ஐந்தரையை எட்டிப்பார்க்கிறார், மிருதங்கம் அவசரப்படுகிறது. காலப்பிரமாணமும் சுருதியும் உயிராக உள்ள கலைக்கு இது சிறு பிழை ஆகாது. சுருதியை மட்டும் திருத்தி வெளியிட்ட தகடுகள் உண்டு. முதலிலேயே 25 படமாக எடுத்த ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பதிவுகளில் இந்தக் கோளாறே கிடையாது. மற்றவற்றுக்குச் சாதாரண டிவிடி பிளேயரிடம் மருந்து இல்லை.

அடுத்தது, வெளிநாட்டு விற்பனையாளர்கள் உள்ளே சில்லு பொருத்தி எல்லா மண்டலத்துக்கும் மாற்றி விற்கும் ப்ளூ-ரே, 4கே பிளேயர்கள். படத் தரத்தில் இவற்றுக்கு நிகரில்லை. பானசோனிக்கின் நல்ல மாதிரி ஒன்று பழைய டிவிடியைப் பெரிய திரைக்கு உயர்த்திக் காட்டும் நேர்த்தியைப் பார்த்தவர் எளிதில் திரும்ப மாட்டார். ஆனால் விலையும் அதிகம், கவனமும் அதிகம் தேவை. உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும். மென்பொருளைப் புதுப்பித்தால் மாற்றமே அழிந்துபோகக்கூடும். சில அமெரிக்க மாதிரிகள் 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. பழுதானால் சென்னை ரிச்சி தெருவில் உதிரி எளிதில் அகப்படாது. இந்தத் துறையே சுருங்கிக்கொண்டிருப்பதையும் எடையில் சேர்க்க வேண்டும்: ஓப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது, 2019இல் சாம்சங் அமெரிக்காவில் புதிய மாதிரிகளைக் கைவிட்டது, 2024இல் எல்ஜியும் விலகியது.

4கே தகடுகளுக்கு மண்டலமே இல்லை என்ற வாதம் உண்மைதான். 2016இல் அந்த வடிவம் வந்தபோதே பூட்டு விடப்பட்டது. ஆனால் அதே பெட்டியில் துணைக்கு வரும் சாதாரண ப்ளூ-ரே பல நேரம் பூட்டோடு இருக்கும்; கூடுதல் காட்சிகளும் நேர்காணல்களும் அதில்தான் இருக்கும். 4கேயை நம்பி மண்டலக் கேள்வியைக் கைவிடுபவர் பாதிப் பதிப்பை இழக்கிறார்.

மூன்றாவது வழி, கணினியில் செருகும் யுஎஸ்பி ப்ளூ-ரே டிரைவ். டிவிடிக்கு இந்த டிரைவ்கள் ஐந்து முறைதான் மண்டலம் மாற்ற விடும், பிறகு பூட்டிக்கொள்ளும். எனினும் விஎல்சி போன்ற மென்பொருள் பெரும்பாலான டிரைவ்களில் அந்தப் பூட்டைச் சட்டை செய்வதில்லை. ப்ளூ-ரே மண்டலத்தைச் சோதிப்பது டிரைவ் இல்லை, ஓட்டும் மென்பொருள். எனவே மேக்எம்கேவி என்ற மென்பொருள் வழியாக ‘ஏ’, ‘பி’, ‘சி’ எல்லாமே திறக்கும். சுருதிக்கு மருந்தும் இங்கேதான் உண்டு: விஎல்சியில் ஒலியை நீட்டிச் சரிக்கட்டும் அமைப்பை அணைத்துவிட்டு 0.96 வேகத்தில் ஓட்டினால், பால் தகடு எடுத்த காலத்துச் சுருதிக்கும் நடைக்கும் திரும்பிவிடும். குறைகளையும் மறைக்க வேண்டாம். ப்ளூ-ரே மெனுக்கள் சரியாக இயங்காது. முன்னறையில் ரிமோட்டோடு உட்காரும் பெரியவர்களுக்கு இது உதவாது. சட்டத்தின் பக்கம், 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய தகட்டை வீட்டில் பார்ப்பது அதில் அடங்காது என்பது என் வாசிப்பு. நகலெடுத்து விற்பது நிச்சயம் அடங்கும்.

இப்போது காற்று. ஈசிஆர் ஓரத்து வீட்டில் சில ஆண்டுகள் இருந்த பிளேயரைத் திருகு கழற்றிப் பார்த்தால் புரியும். லென்ஸ் நகரும் தண்டில் பூசிய கிரீஸ் மணல்தூசியோடு சேர்ந்து களிம்பாகிக் கிடக்கும். பட்டைக் கேபிளின் முனைகள் கறுத்து, ஓரத்தில் பச்சை படிந்திருக்கும். ட்ரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்து, கதவு பாதியில் நிற்கும். லென்ஸ் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மங்கல். மலிவான டிவிடி பிளேயரில் இவை எல்லாம் செங்கல்பட்டுக் கடையிலேயே குறைந்த செலவில் தீரும், லென்ஸையே மாற்றிவிடலாம். மாற்றிய 4கே பிளேயரில் இதே கோளாறு கருவியின் முடிவாகிவிடக்கூடும். யுஎஸ்பி டிரைவை, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டுவிடலாம். மற்ற இரண்டுக்கும் இந்தப் பாதுகாப்பு வாய்க்காது. தகடுகளும் இந்தக் காற்றுக்குத் தப்புவதில்லை. விசிடியின் உலோகப் பூச்சு மேற்பக்கப் படத்துக்கு அடியிலேயே இருப்பதால் அரிப்பு அதைத்தான் முதலில் தாக்கும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் தாக்குப்பிடிக்கும். மோசர் பேயர் விசிடி வைத்திருப்பவர்கள் பிளேயரைத் தேடும் முன் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

படத் தரம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் மாற்றிய 4கே பிளேயர் வெல்லும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பூட்டு, பால்-என்டிஎஸ்சி அமைப்பு, மின்சாரம், காற்று நான்கையும் சேர்த்து எடைபோட்டால் அது இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. முதலிடம் ஒரே கருவிக்கு இல்லை, ஓர் இணைக்கு: மண்டலத்தை நாமே தேர்ந்து வைக்கக்கூடிய, இந்தியாவில் விற்ற சாதாரண டிவிடி பிளேயர் முன்னறைக்கு, யுஎஸ்பி ப்ளூ-ரே டிரைவும் கணினியும் படிப்பறைக்கு. கடலிலிருந்து தள்ளி, செங்கல்பட்டு நகருக்குள் அல்லது அதற்கு மேற்கே, ‘ஏ’, ‘பி’ ப்ளூ-ரேக்களை அலமாரி நிறைய வைத்திருப்பவர் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அவரும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மாதிரியா என்று பின்பக்கத் தகட்டில் படித்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

டிவிடி பிளேயர் வாங்கக் கடைக்குப் போகும்போது, கூடுதல் சோதனை உள்ள அமெரிக்க டிவிடி ஒன்றையும், ஐரோப்பிய பால் டிவிடி ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முதலாவது உலகப்படம் காட்டாமல் ஓட வேண்டும். இரண்டாவது வண்ணத்தோடு, ஆட்களை நீட்டாமலும் நசுக்காமலும் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் கருவி வேண்டாம்.