ஐஸ்பிண்டல்: சாய்கோணத்தால் இனிப்பை அளக்கும் கம்பியில்லாத் திரவமானி

திரவம் அடர்ந்திருந்தால் அதில் மிதக்கும் பொருள் மேலெழும்பியும், நீர்த்திருந்தால் ஆழ்ந்தும் நிற்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் விதியின் மேல் அமைந்த கருவியே ஹைட்ரோமீட்டர் எனப்படும் திரவமானி. பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் லாக்டோமீட்டரும், சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றின் பிரிக்ஸ் எனும் சர்க்கரை அளவைக் காட்டும் கண்ணாடிக் குழலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வீட்டில் பீர் காய்ச்சும் வழக்கமுள்ள நாடுகளில், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது திரவத்தின் அடர்த்தி நாளுக்கு நாள் இறங்குவதால், நொதித்தல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இந்தக் குழலே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத் திறந்து மாதிரி எடுக்க வேண்டியிருப்பதால், அழுக்கும் வேண்டாத கிருமியும் உள்ளே புக வழி ஏற்படுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே, மூடிய பாத்திரத்துக்குள் மிதந்தபடி அளவை அலைபேசிக்கு அனுப்பும் கம்பியில்லாத் திரவமானிகள் வந்தன. அவற்றுள் அமெரிக்காவின் டில்ட் ப்ளூடூத் வழியாகவும், ஜெர்மனியில் உருவான ஐஸ்பிண்டல் வைஃபை வழியாகவும் செய்தி அனுப்புகின்றன. ஐஸ்பிண்டலின் வரைபடமும் மென்பொருளும் பொதுவில் கிடைப்பதால், கையில் சாலிடரிங் அயர்ன் உள்ள எவரும் அதைத் தாமே செய்துகொள்ளலாம். இந்த விமர்சனம் அந்தக் கருவியைப் பற்றியதே.

அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், 1987 முதல் கள் இறக்குவதற்கும் தடை உள்ளது. ஆகவே பழனிக்கு அருகே, பாலாறு-பொருந்தலாறு அணைப் பகுதியில், தென்னந்தோப்புகளும் கரும்பு வயல்களும் சூழ்ந்த பாலசமுத்திரம் போன்ற ஊரில் இக்கருவியின் பயனைப் பீரை வைத்து எடைபோடுவது பொருந்தாது. பனையிலிருந்து சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்கும் பதநீரும், 2017இல் தமிழ்நாடு அரசு அனுமதிக்கு வழிவகுத்த தென்னை நீராவும்தான் இங்கு சட்டத்துக்கு உட்பட்ட இனிப்புச் சாறுகள். இவை புளிக்காமல் இருப்பதுதான் இவற்றின் மதிப்பு என்பதால், பீர் காய்ச்சுபவர் அடர்த்தி இறங்குவதை எதிர்பார்த்துக் காத்திருக்க, நீரா இறக்குபவர் அது இறங்கிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார். இரு தரப்புக்கும் தேவைப்படும் அளவு ஒன்றே.

கருவியின் உடல் ஒளி ஊடுருவும் பெட் பிளாஸ்டிக் குழல். குளிர்பானப் பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய நிலையில் உள்ள தடித்த அச்சுக்குழல் அது. அதன் உள்ளே இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சில்லு கொண்ட சிறு பலகையும், சாய்வை உணரும் எம்.பி.யு. 6050 என்ற முடுக்கமானியும், வெப்பநிலையை அளக்கும் டி.எஸ். 18 பி 20 உணரியும், 18650 வகை லித்தியம் பேட்டரியும் அடங்குகின்றன. எடை குழலின் அச்சில் சமமாக இல்லாதபடி வைக்கப்படுவதால் அது நீரில் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்தே மிதக்கிறது. வெறும் நீரில் இச்சாய்வு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை இருக்குமாறு பேட்டரியை நகர்த்தியோ சிறு எடை சேர்த்தோ சரிசெய்ய வேண்டும். சர்க்கரை கூடக் கூடக் குழல் மேலெழும்பி மேலும் படுக்கிறது. கருவி உண்மையில் அளப்பது இந்தக் கோணத்தை மட்டுமே. இனிப்பு என்று அது காட்டும் எண், கோணத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. இதை மறந்துவிட்டுத் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவதுதான் இக்கருவியைப் பயன்படுத்துவோரின் ஏமாற்றங்களுக்கெல்லாம் வேர்.

இணைப்பது கடினமான வேலையில்லை. ரீசெட் பொத்தானைச் சிறிது இடைவெளி விட்டுச் சில முறை அழுத்தினால் கருவி தானே ஒரு வைஃபை வலையைத் தொடங்கும். அலைபேசியை அதில் சேர்த்து, உலாவியில் 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து, வீட்டு ரவுட்டரின் பெயர், கடவுச்சொல், எத்தனை நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்ப வேண்டும், எந்தச் சேவைக்கு அனுப்ப வேண்டும் ஆகியவற்றை நிரப்பினால் போதும். இங்கே தடுக்கிவிடும் இடங்கள் இரண்டு. கருவியின் வலையில் இணையம் இல்லாததால் பல அலைபேசிகள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகின்றன. ஆகவே முதலில் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இரண்டாவதாக, கருவியின் வைஃபை சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரவுட்டரோ ஹாட்ஸ்பாட்டோ அதன் கண்ணுக்கே படாது. எவர்சில்வர் பாத்திரத்தை இறுக மூடினால் அலை வெளியே வராது என்பதால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஏற்றது. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்திருக்கும்போது எடுக்கப்படும் அளவைக் கருவி சேமித்து வைத்துப் பிறகு அனுப்புவதில்லை, அது இழந்ததுதான். ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் இல்லாத வீட்டில் வரைபடத்தில் ஓட்டை விழுவது உறுதி.

அளவுத்திருத்தம்தான் கருவியின் உயிர். முதலில் கருவியை மட்டமான மேசையில் படுக்கவைத்து, அந்நிலையை 90 பாகை என்று முடுக்கமானிக்குக் கற்பிக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கண்மதிப்பில் செய்தால் பிழை எல்லா அளவுகளிலும் தொற்றிக்கொள்ளும். அடுத்து, சர்க்கரையின் அளவு தெரிந்த கரைசல்களில் கருவியை மிதக்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சர்க்கரை அளவைப் பிளாட்டோ என்ற அலகில் சொல்வது வழக்கம். 100 கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் அது 10 பிளாட்டோ. நடைமுறையில் பிரிக்ஸும் இதுவே. 20 டிகிரி செல்சியஸில் 10 பிளாட்டோ கரைசலின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.040. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே கரைக்காமல், 200 கிராம் சர்க்கரையை 800 கிராம் நீரில் கரைத்து 20 பிளாட்டோவில் தொடங்கி, அதனுடன் 333 கிராம் நீர் சேர்த்து 15 ஆகவும், மேலும் 667 கிராம் சேர்த்து 10 ஆகவும், பின்னர் 2 கிலோ சேர்த்து 5 ஆகவும் இறக்கிக்கொண்டே போனால் சர்க்கரையும் மிச்சம், வேலையும் மிச்சம். படியால் அளக்காமல் தராசில் நிறுத்தே நீர் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, குமிழிகள் அடங்கிய பிறகே கோணத்தைப் பார்க்க வேண்டும். கிடைத்த இணைகளை விரிதாளில் இட்டுப் பெறும் பல்லுறுப்புக் கோவையை, அதாவது கோணத்தை இனிப்பாக மாற்றும் சூத்திரத்தை, கருவியின் அமைப்புப் பக்கத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த அளவுத்திருத்தத்துக்குக் கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரையே உகந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன நாட்டுச் சர்க்கரை இங்கே எளிதில் கிடைத்தாலும், அதில் ஈரமும் தாதுப்பொருள்களும் கூடக்குறைய இருப்பதால் 10 கிராம் போட்டால் 10 கிராம் சுக்ரோஸ் கரைந்ததாகக் கொள்ள முடியாது.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம் 20 டிகிரியை அறை வெப்பநிலையாகக் கொள்கின்றன; திண்டுக்கல் சமவெளியின் கோடையில் அந்தச் சூட்டிலான நீர் குளிர்சாதனப் பெட்டியில்தான் கிடைக்கும். நீரின் அடர்த்தி 20 டிகிரியில் 0.9982, 30 டிகிரியில் 0.9957 என்பதால், இந்த 10 டிகிரி வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ 0.6 பிளாட்டோ அளவுக்கு அளவைப் புரட்டிவிடும். சாறு எந்தச் சூட்டில் இருக்கப்போகிறதோ அதே சூட்டில் திருத்தத்தைச் செய்வதே எளிய தீர்வு. ஐஸ் பெட்டியில் இறக்கும் நீராவை 30 டிகிரியில் திருத்திய கருவியால் அளந்தால் ஒரு பிளாட்டோவுக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். ஆகவே குளிர்நிலைக்கு எனத் தனிச் சூத்திரம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

பயன்பாட்டில் கருவியின் குறைகளும் தெரிகின்றன. நொதிக்கும் சாற்றின் வாயுக் குமிழிகள் குழலில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுவதால், ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் எண் மேலும் கீழுமாக ஆடுகிறது. தனி எண்ணைவிட, பல மணி நேரத்தின் சரிவைப் பார்ப்பதே பொருளுள்ளது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புமாறு அமைத்தால் தரமான பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் சந்தையில் போலி 18650 பேட்டரிகள் மலிந்திருப்பதால் நம்பகமான கடையில் வாங்க வேண்டும்.

நீரா, பதநீர் இறக்குவோருக்கு இது முதல் எச்சரிக்கை மணியாக இருக்குமா என்றால், இராது. தானாகப் புளிக்கும் சாற்றில் முதலில் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் தலைதூக்குகின்றன. அந்தக் கட்டத்தில் புளிப்பு ஏறினாலும் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. ஈஸ்ட் வேலையைத் தொடங்கி அடர்த்தி சரியும்போது சாறு கள்ளாகத் திரும்பத் தொடங்கியிருக்கும். சட்டமும் சுவையும் ஒருசேரக் கைவிட்டுப் போன பிறகுதான் கருவி பேசுகிறது. அந்த வேலைக்குப் பி.எச். அளவியும் சுத்தமான கலயமும் ஐஸ் பெட்டியுமே ஏற்றவை. இறக்கியவுடன் சாற்றின் இனிப்பு எவ்வளவு, மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அது எப்படி மாறுகிறது என்று பதிவு செய்ய விரும்புவோருக்கும், காந்திகிராமம் போன்ற கல்வி நிலையங்களில் மின்னணுவியலையும் நொதித்தலையும் ஒரே மேசையில் கற்க விரும்பும் மாணவர்களுக்கும் ஐஸ்பிண்டல் தாராளமாக வாங்கத்தக்கது, அதைவிடத் தாமே செய்யத்தக்கது. கடைச்சரக்காக வாங்கினாலும், விற்பவர் எழுதிக்கொடுத்த சூத்திரத்தை அழித்துவிட்டு, தம் வீட்டுத் தராசிலும் தம் ஊர்ச் சூட்டிலும் ஒரு முறை திருத்திய பிறகே அதன் எண்ணை நம்ப வேண்டும்.