ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும் முன் கண்ணைப் பாருங்கள்

போன ஜனவரியில் போடிமெட்டில் பெரியம்மாவை ஒரு படம் எடுத்தேன். ஏலக்காய் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல மேகமூட்டம். லைகா எம்2 பாடி, 90 மி.மீ. எஃப்2 லென்ஸ், முழுத் திறப்பு. பிரிண்டைப் பார்த்தவர் கேட்டார்: "ஏண்டா, என் தோட்டையா படம் புடிச்ச?" உண்மைதான். தோடு ஷார்ப்பாக இருந்தது, கண் மங்கல்.

லென்ஸைக் குறை சொல்லலாம், மேகத்தையும் சொல்லலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, இரண்டு ஜன்னல்களுக்கும் இடையிலான தூரம். மற்றொன்று வியூஃபைண்டரின் உருப்பெருக்கம். 1954-இல் வந்த எம்3-க்கு 0.91, பெருக்கினால் சுமார் 62 மி.மீ. எம்2-க்கு 0.72, சுமார் 50. வோய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்3ஏ-வில் உருப்பெருக்கம் 1, ஆனால் ஜன்னல் தூரம் 37 மட்டும்.

லென்ஸுக்கு எவ்வளவு வேண்டும்? அது குவியத்தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். சராசரிக் கண்ணுக்கு 50 எஃப்2 கேட்பது ஏறக்குறைய 12 மி.மீ. 35 எஃப்2 அதில் பாதி. 90 எஃப்2 கேட்பதோ 39. ஆக எம்2-வில் 50-க்கு நாலு மடங்கு கையிருப்பு, 90-க்குக் கால் பங்குதான் மிச்சம். ஆர்3ஏ-வில் 90 எஃப்2 கணக்கிலேயே இடிக்கிறது.

இந்தக் கணக்கில் எல்லாரும் விட்டுவிடுவது "சராசரிக் கண்". எனக்கு ஆஸ்டிக்மாடிசம் உண்டு, இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. ஐபீஸின் உலோக வளையம் கண்ணாடியைக் கீறிவிடும் என்று அன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். பார்வை பாதியானால் தேவை இரண்டு மடங்கு. 39 எங்கே, 78 எங்கே! எம்3-யே போதாது.

வெள்ளெழுத்தை மட்டும் நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். வியூஃபைண்டர் பிம்பம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளித் தெரிவதுபோல அமைத்திருக்கிறார்கள். தூரப் பார்வைக் கண்ணாடி போதும். டிஜிட்டல் கேமராவின் பின்திரையைப் பார்க்கத்தான் படிக்கிற கண்ணாடியைத் தேடவேண்டும். ஆனால் ஆஸ்டிக்மாடிசத்துக்குச் சாதாரண டயாப்டர் லென்ஸ் உதவாது. கண்ணாடியைப் போட்டே ஆகவேண்டும். போட்டால் ஃபிரேமின் ஓரம் தெரியாது: எம்3-இல் 50-க்கே ஓரத்தைத் தேடவேண்டும், 0.72-இல் 28-க்கு அதே கதி.

இங்கேதான் லைகா மேல் எனக்கு வருத்தம். எம்7-ஐ 0.58, 0.72, 0.85 என்று மூன்று உருப்பெருக்கத்தில் விற்றார்கள். 2022-இல் எம்6-ஐ மறுபடி கொண்டுவந்தபோது 0.72 ஒன்றுதான். கண்ணாடிக் கடையில் ஒரே பவரை எல்லாருக்கும் கொடுப்பதுபோல இருக்கிறது. 1.25, 1.4 பெருக்கிகளைத் திருகிக்கொள்ளலாம், சரி. ஆனால் அவை கண்ணாடிக்காரருக்கு ஃபிரேமை இன்னும் குறுக்கும்.

பழசு இதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. 1933-இன் லைகா 3-இல் ஃபோகஸுக்குத் தனி ஜன்னல், 1.5 உருப்பெருக்கம், பக்கத்திலேயே டயாப்டர் நெம்புகோல். ஜன்னல் தூரம் 39 என்றாலும் பெருக்கினால் 58, எம்2-வை விட அதிகம். 1950 ஏப்ரலில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தபோது எம் வரிசையே பிறக்கவில்லை. அவருக்கு வயது 41. அவர் விரும்பிய லென்ஸ் 50. அந்த லென்ஸுக்கு அந்தக் காலத்துக் கருவியே தாராளம்.

அதனால் "முதலில் பாடி, பிறகு லென்ஸ்" என்ற அறிவுரையை நான் தலைகீழாக வைக்கிறேன். முதலில் கண் டாக்டர். அடுத்து, நீங்கள் உண்மையில் எடுக்கும் லென்ஸ். விடிகாலையில் போடியிலிருந்து தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறும் பெண்களை எடுக்க 35 வேண்டுமா? எம்2. 50-ம் 90-ம் மட்டுமா? எம்3. இரண்டு கண்ணும் திறந்து 50-இல் எடுக்கவா? ஆர்3ஏ.

நான் பாடியை மாற்றவில்லை. ஐபீஸில் ஒரு ரப்பர் வளையம் ஒட்டினேன், கண்ணாடியைக் கழற்றுவதில்லை. 90-ஐ விற்றுவிட்டேன். 50-ஐ வைத்துக்கொண்டு பெரியம்மாவுக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்காரவேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே எடுக்கிறேன். இந்த முறை கண் ஷார்ப்பாக வந்திருக்கிறது, தோடும்தான்.