சலங்கையும் சுருக்குப்பையும்

பள்ளியில் ஆடினாள், பாராட்டினார்கள். வட்டாரத்தில் ஆடினாள், முதற்பரிசு தந்தார்கள். இனி மாவட்ட மேடை. இந்தச் செய்தி மேலப்பாளையத்துச் சந்து ஒன்றில், தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் கொண்டிருக்கும் ஒரு தாயின் காதுக்கு வருகிறது. மகிழ்ச்சியோடுதான் வருகிறது, ஆனால் மூன்று கேள்விகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. உடைக்கு எவ்வளவு ஆகும்? உடன் போவது யார்? ஊர் என்ன சொல்லும்?

கலையை அளக்கும் அறிஞர்கள் இந்தக் கேள்விகளின் பக்கம் திரும்புவதில்லை. அடவு அழுத்தமா, முகத்தில் மெய்ப்பாடு மலர்ந்ததா, தாளம் தப்பிற்றா என்று நிறுத்துப் பார்ப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. நாம் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆட்டத்தைத் தாங்கும் மேடையைத் திறனாய்வு செய்ய விரும்புகிறோம். போட்டி என்பதும் மனிதர் சமைத்த படைப்புத்தானே! அதற்கும் குணமுண்டு, குற்றமுண்டு. அவற்றை அறிந்து செல்லும் குடும்பம் ஏமாறாது. அறியாமல் செல்லும் குடும்பம், பரிசு பெற்றாலும் இழந்துதான் திரும்பும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழாவைத் தொடங்கிற்று. முதலில் 6 முதல் 12 வரை பயிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பின்னர் கீழ் வகுப்புகளுக்கும், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிகள். உச்சியில் நிற்போருக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். (அரசர்களை அனுப்பிவிட்ட நாட்டில் கலைக்கு மட்டும் அரசன் எதற்கோ! போகட்டும், பிள்ளைகள் மகிழ்கிறார்கள்.) இந்த ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் நாட்டியப் பள்ளிக்குக் காரில் செல்கிறது. நம் தெருப் பிள்ளை திருமண வீட்டு ஒலிபெருக்கியைக் கேட்டு ஆடக் கற்கிறது. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, “ஓடுங்கள், முந்துபவர்க்குப் பரிசு” என்பது நீதியாகாது. அந்த அநீதியைக் கலைத் திருவிழா ஓரளவு தவிர்த்திருக்கிறது. முற்றும் தவிர்த்துவிட்டதா? இல்லை என்றே சொல்வோம். பணம், பள்ளியின் வாயிலில் தடுக்கப்பட்டால் ஒப்பனை அறையின் பின்கதவு வழியே நுழையப் பார்க்கும்.

அது எப்படி நுழையும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெல்லையில் ரயிலேறிச் செங்கோட்டையைக் கடந்தால் கொல்லம். 2024 சனவரியில் அங்கே கேரளப் பள்ளிக் கலோத்சவம் நடந்தது. 1957இல் எர்ணாகுளத்தில் பிறந்த விழா அது. இன்று ஐந்து நாள், இருபதுக்கும் மேற்பட்ட மேடைகள், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என்று வளர்ந்து நிற்கிறது. வெல்லும் மாவட்டத்துக்கு 117.5 சவரன் தங்கக் கோப்பை. மாநிலமே ஒரு வாரம் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பேசுகிறது என்றால், அது பொறாமைப்படத்தக்க பெருமை, மறுக்கவில்லை. ஆனால் தங்கக் கோப்பையின் பளபளப்பில் கண் கூசாதவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். பரதம், மோகினியாட்டம், குச்சிப்புடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆசிரியர், தனித்தனி உடை, தனித்தனி அணி, தனித்தனி இசைப்பதிவு! கடன்பட்டு ஆடவைத்த பெற்றோர் உண்டு. தனி ஒருவரை முடிசூட்டும் கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் பெற்றோரிடையே பெரும் போரை மூட்டின; அதனால் அவை கைவிடப்பட்டு, தரநிலை வழங்கும் முறை வந்தது. நல்ல திருத்தம்.

எனினும் போர் ஓய்ந்ததா? இடம் மாறிற்று. மாவட்டத்தில் தோற்ற பிள்ளைக்காகப் பெற்றோர் மேல்முறையீடு செய்தார்கள். அங்கும் தோற்றால் நீதிமன்றப் படியேறினார்கள். 2018இல் திருச்சூர் விழாவின்போது, குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரால் போலி ஆணைகளே புழங்கின. நடன ஆசிரியர்கள் கைதாயினர். 2024 மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழக இளைஞர் விழா கையூட்டுப் புகாரால் பாதியில் நிறுத்தப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட நடுவர் ஒருவர் சில நாட்களில் உயிரற்றுக் கிடந்தார். கால் சலங்கையின் ஓசையில் தொடங்கியது எங்கே போய் முடிகிறது, பாருங்கள்! 2023 கோழிக்கோட்டு விழாவையொட்டி இத்தகைய முறையீடுகளைத் தள்ளிய கேரள உயர்நீதிமன்றம், பெருஞ்செலவு செய்ய இயலாத ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பதை எண்ணிப் பார்க்கும்படியும், தோல்வியை ஏற்கப் பிள்ளையைப் பழக்கும்படியும் பெற்றோருக்கு எடுத்துரைத்தது. நீதிமன்றம் சொல்லித்தான் பெற்றோர் இதை அறிய வேண்டுமா என்று நாம் வியக்கிறோம்.

பணத்தைவிடக் கொடிய ஒன்று உண்டு. அது நிறம். 2024 மார்ச்சில் மூத்த நடன ஆசிரியை ஒருவர், கருநிற ஆணொருவர் மோகினியாட்டம் ஆடுவதை இழிவாகப் பேசினார். கருநிறப் பிள்ளைகள் கற்கலாம், போட்டிக்குப் போக வேண்டாம், அழகுக்கும் மதிப்பெண் உண்டு என்ற பொருள்படவும் விளக்கம் தந்தார். அவரது சொல் குறித்தது ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணன் என்னும் கலைஞரை. மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், மறைந்த நடிகர் கலாபவன் மணியின் தம்பி, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். நாடு கொதித்தது. கேரள கலாமண்டலம் அவரை அழைத்துத் தன் மேடையில் ஆடவைத்தது. 2025இல் அங்கேயே பரதநாட்டிய ஆசிரியராகவும் அமர்த்திற்று. ஆயினும் அந்தச் சொல் ஒரு வாய் உளறியதன்று. பல ஒப்பனை அறைகளில் மௌனமாகப் பூசப்படும் மாவின் குரல் அது. தாமிரபரணிக் கரை வெயிலில் விளைந்த முகத்தில் ஏன் வெள்ளை மாவை அப்ப வேண்டும்? எந்த விதித்தாளில் இருக்கிறது? ஒப்பனைக்காரர் டப்பாவைத் திறக்கும்போது, “எம் பிள்ளையின் நிறத்திலேயே பூசுங்கள்” என்று சொல்லும் உரிமை தாய்க்கு உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இந்த அழகுக் கணக்கு எங்கிருந்து வந்தது? சதிர் ஆடிய குலத்தை இழிகுலம் என்று ஒதுக்கினார்கள். அந்தக் கொடுமையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினர், 1947இல் சட்டம் வந்தது, அது விடுதலை. ஆனால் அதே காலத்தில் ஆட்டம் மட்டும் பரதநாட்டியம் என்று பெயர் சூடி, மேட்டுக்குடியின் கூடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆடியவள் இழிவாம், ஆட்டம் உயர்வாம்! இன்று அதைக் கற்க வேண்டுமானால் கட்டணம், அரங்கேற்ற வேண்டுமானால் அதற்குமேல் கட்டணம். நெல்லைச் சீமையில் மகுடம் என்னும் தோற்கருவியை அடித்து, பெண் உடையில் ஆண்கள் ஆடும் கணியான் கூத்துக் கலைஞருக்கோ ஆண்டில் சில கொடைவிழா இரவுகள்தாம் பிழைப்பு. “ஆண்பிள்ளைக்கு ஆட்டமா?” என்று கேட்கும் தந்தையர் அந்தக் கூத்தை ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு வருவோம். மேலப்பாளையம் இசுலாமியப் பெருமக்கள் செறிந்து வாழும் ஊர். ஆகவே இதை மழுப்பாமல் பேசுவோம். மலப்புறத்தில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து பரதம் பயின்ற மான்சியாவை அவர் சமூகத்தினரே ஒதுக்கினர். அதே மான்சியாவுக்கு 2022இல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயில், இந்து அல்லர் என்று கூறி மேடை மறுத்தது. இரு மதங்களின் மதில்களும் ஒரு பெண்ணின் காலுக்கு எதிராக ஒன்றுபட்டன. மற்ற வேளைகளில் இந்த ஒற்றுமை ஏன் வருவதில்லையோ! பள்ளிக்கூட மேடை இவ்விரு மதில்களுக்கும் வெளியே நிற்கிறது; அதுதான் அதன் தனிச்சிறப்பு. கேரளம் இதில் நமக்கு ஒரு பாடமும் வைத்திருக்கிறது. மாப்பிளை இசுலாமியரின் ஒப்பன, கோல்களி, தப்புமுட்டு ஆகியவை அங்கே போட்டிக்குரிய கலைகள். கைதட்டிப் பாடி ஆடும் ஒப்பனக் குழுவைக் காண அரங்கு நிறைகிறது. 2025 திருவனந்தபுரம் விழாவில் பணியர், இருளர் உள்ளிட்ட பழங்குடியினரின் ஐந்து ஆட்டங்களும் சேர்க்கப்பட்டன. உரிமை கேட்ட குரல்களுக்குக் கிடைத்த இடம் அது. தென்பாண்டி இசுலாமியரிடமும் தாயிரா உண்டு, சிலம்பம் உண்டு, திருமண வீட்டுப் பாட்டுண்டு. தங்கள் வீட்டுக் கலையே மேடையேறினால் பாட்டிமார் தடுப்பார்களா? முன்வரிசையில் வந்து அமர்வார்கள் என்றே நம்புகிறோம். இதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நீங்கள், இளைஞர்களே.

இனி, மாவட்ட மேடைக்குப் புறப்படும் குடும்பத்துக்கு. முதலில் விதித்தாளைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எத்தனை நிமிடம், குழுவில் எத்தனை பேர், மதிப்பெண் எதெதற்கு என்பவை அதில் இருக்க வேண்டும். உடையின் விலைக்கு மதிப்பெண் என்று எந்த வரியும் இராது. இருந்தால் அதை எதிர்த்துத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். நாட்டுப்புற ஆட்டத்துக்குக் கண்டாங்கிச் சேலையும் வேட்டியும் போதும். அவை அக்கம்பக்கத்து வீடுகளிலேயே கிடைக்கும். “மூன்றே வாரத்தில் பரிசு வாங்கித் தருகிறேன்” என்று வரும் பயிற்சியாளருக்கு வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். பாட்டை இரண்டு பென் டிரைவில் பதிந்து, ஒன்றை ஆசிரியரிடமும் மற்றொன்றைப் பெற்றோரிடமும் வையுங்கள். மேடையில் ஒலி நின்றுபோய், பிள்ளை விழித்து நிற்கும் கொடுமை வேண்டாம்.

காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி மாலை நான்குக்கு மேடையேற்றுவது நம் நாட்டு வழக்கம். ஆகவே தண்ணீரும், வீட்டுச் சோறும், சிறு பாயும் கொண்டு செல்லுங்கள். ஆடுவதற்குச் சற்று முன் வயிறு நிறைய ஊட்ட வேண்டாம். பொன் நகை எதற்கு? வீட்டிலேயே இருக்கட்டும். பெண் பிள்ளைகள் உடைமாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கே பெண் ஆசிரியர் நிற்கிறாரா என்று தாய்மார் நேரில் பார்க்க வேண்டும். முன்பின் அறியாதவர் பிள்ளையைப் படம்பிடித்தால் தடுக்கலாம். முடிவு அறிவித்ததும் நடுவரைச் சூழ்ந்துகொள்ள வேண்டாம்; மதிப்பெண் பட்டியலைக் காட்டும்படி பள்ளி வழியாகக் கேளுங்கள். அதைப் பலகையில் ஒட்டிவிட்டால் ஐயத்துக்கே இடமிராது என்பதைத் துறையினருக்கும் சொல்லி வைக்கிறோம்.

தோற்ற பிள்ளையிடம் அன்றிரவு எதுவும் கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வர இருட்டிவிடும். வண்டி யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாளே ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.