பெயரை நீக்கினால் போதுமா?

அறிவு யாருடைய சொத்து என்னும் பழைய கேள்வி, மருத்துவ உலகில் புதிய வடிவில் எழுந்துள்ளது. ஆய்வுக் கட்டுரையை வெளியிடுவோர், அதற்கு ஆதாரமான நோயாளர் விபரங்களையும், ஆளடையாளம் நீக்கிப் பிற ஆய்வாளருக்கு வழங்க வேண்டுமா?

2016 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை’யின் தலையங்கம், பிறர் திரட்டிய விபரங்களைக் கொண்டு ஆய்வு செய்வோர் ‘ஆராய்ச்சி ஒட்டுண்ணிகள்’ ஆகிவிடுவர் என்ற சிலரது அச்சத்தை எடுத்துரைத்தது. இவ்வச்சத்தில் ஒலிப்பது தனியுடைமையின் குரலன்றி வேறென்ன? இரத்தம் கொடுத்தவர் நோயாளி. உரிமை கொண்டாடுபவர் ஆய்வாளரா?

மூடிவைத்ததன் விளைவை உலகம் 2020 இல் கண்டது. ஏறத்தாழ 96,000 கொரோனா நோயாளரை ஆராய்ந்ததாகக் கூறிய ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கட்டுரையை ‘லான்செற்’ மே 22 இல் வெளியிட்டது. மூல விபரங்களைச் சரிபார்ப்போரிடம் ஒப்படைக்கச் சேர்ஜிஸ்பியர் நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துச் சோதனையையே இடைநிறுத்தியிருந்தது!

ஆகவே, கதவு திறக்கப்படவே வேண்டும். ஆயினும், பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்போரின் வாதத்தை நாம் ஏற்கவியலாது. 1990களில் லதான்யா சுவீனி என்னும் மாணவி, பெயர் நீக்கிய வைத்தியப் பதிவுகளை வாக்காளர் இடாப்போடு ஒப்பிட்டு, மசசூசெற்ஸ் ஆளுநரின் பதிவையே இனங்கண்டார். பிறந்த திகதி, பால், அஞ்சற் குறியீடு என்னும் மூன்றே போதுமாயிருந்தன.

ஆளுநருக்கே இக்கதியெனில், ஏ-9 வீதியோரத்துக் கனகராயன்குளத்தவர் நிலை என்ன? ‘பெண், வயது 42, வலக்கால் இல்லை, சிறுநீரக நோய்’ என்றொரு பதிவு இருப்பதாகக் கொள்வோம். இலண்டனில் அது வெறும் எண். குளக்கட்டில் நிற்பவருக்கோ அது அயல்வீட்டு அக்கா. 2009 வரை போர் நடந்த மண்ணில், எங்கே, எப்போது காயம் பட்டார் என்ற ஒரு குறிப்பே வேண்டாத விசாரணையைப் படலைவரை அழைத்துவரக்கூடும்.

அதற்காகப் பதிவுகளைப் பூட்டிவைப்பதும் நீதியாகாது. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் வாட்டுகிறது. அதன் காரணம் குறித்து விஞ்ஞானிகள் இன்றும் முரண்படுகின்றனர். ஒருவர் முடிவை இன்னொருவர் சோதிக்க வழியில்லையெனில், நட்டம் நோயாளிக்கே.

எனவே, விபரங்களைச் சந்தையில் கொட்டாது, பொறுப்பேற்கும் ஆய்வாளருக்கு நிபந்தனையோடு வழங்குக. சிறிய ஊர்களின் பெயரையும் அரிய ஊனக் குறிப்பையும் மறைத்திடுக. திரட்டுமுன் ஊராரிடம், அவர்தம் மொழியில், சம்மதம் கேட்பீர். கண்ட முடிவை அவர்களிடமே முதலில் கொண்டுவருவீர். மக்களின் உடலிலிருந்து பெற்ற அறிவு மக்களுக்கே திரும்ப வேண்டும். அவர்களைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக அது மாறலாகாது.