மின்னூலின் விலையும் என்வலப்பின் விலையும்

கடதாசி இல்லை, மை இல்லை, அச்சகம் இல்லை, கப்பலும் இல்லை. பிறகு எதற்கு ஒரு மின்னூலுக்குப் பத்து டொலர்? சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எம்மவர்கள் நாலு பேர் கூடிப் புத்தகம் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்து விழாமல் பேச்சு முடிவதில்லை. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். கேட்பவரின் மனதில் புத்தகத்தின் விலை என்பது கடதாசியின் விலையாக இருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். எழுதியவரின் மூன்று வருட உழைப்பு இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வருவதில்லை.

ஆங்கிலப் புத்தகத்தின் கணக்கு ஓரளவு வெளியே தெரிந்த கணக்கு. 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதைப் பிரித்துக் காட்டியது. 26 டொலர் விலை போட்ட ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை அச்சிடவும் களஞ்சியத்தில் வைக்கவும் அனுப்பவும் ஆகும் செலவு 3.25 டொலர் அளவில்தான். பாதி விலை விற்பவருக்குப் போகிறது. மிச்சத்தில்தான் எழுத்தாளர், செம்மை பார்ப்பவர், அட்டை வரைபவர், விளம்பரம், அலுவலக வாடகை எல்லாம். ஆக, கடதாசியையும் மையையும் முழுதாகத் துடைத்தெறிந்தாலும் குறையக்கூடியது எட்டில் ஒரு பங்கு.

மீதியைத் தீர்மானிப்பது யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதே. அமேசன் தனது கின்டிலைப் பரப்புவதற்காகப் புதிய நூல்களை 9.99 டொலருக்கு, பல சமயம் நட்டத்துக்கே, விற்றது. அதை முறியடிக்க 2010இல் அப்பிள் நிறுவனமும் ஐந்து பெரிய பதிப்பகங்களும் ஒன்று சேர்ந்து, விலையைப் பதிப்பகமே வைக்கும் முறையைக் கொண்டுவந்தன. 2012இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2013இல் அப்பிள் விலைச்சதி செய்ததாகத் தீர்ப்பு வந்தது. 2016இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கையில் எடுக்க மறுத்துவிட, 450 மில்லியன் டொலர் கட்ட வேண்டியதாயிற்று. வரி விடயத்திலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவில் 2000 யூலையிலிருந்து புத்தகத்துக்குப் பத்து வீதம் வரி. கடல் கடந்து வரும் மின்னூல் 2017 வரையும், தபாலில் வரும் அச்சுப் பிரதி 2018 வரையும் அதற்குத் தப்பி நின்றன. இப்போது இரண்டும் அகப்பட்டுவிட்டன.

எமது கணக்கு வேறு. சென்னையில் 400 ரூபா விலை போட்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியக் காசில் அது பத்து டொலருக்கும் குறைவு. விமானத் தபாலில் ஒரு பிரதியைத் தனியாக வரவழைத்தால் தபாற்செலவு புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே எமது புத்தகங்கள் ஊருக்குப் போய் வருபவர்களின் பெட்டிகளில், சேலைக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே வருகின்றன. (சுங்கத்தில் மாசிக் கருவாட்டைத் துருவித் துருவி விசாரிப்பார்கள், நாவலை ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.) அச்சு நூலுக்காக நாம் கொடுக்கும் டொலரில் பாதிக்கு மேல் தூரத்துக்கான கூலி. இலக்கியத்தின் விலை என்று அதைச் சொல்லிக்கொள்வது எம்மை நாமே ஏமாற்றுவது.

2016 டிசம்பரில் அமேசன் தமிழ் மின்னூல்களுக்குக் கதவு திறந்தபோது இந்தத் தூரக்கூலி ஒரே நாளில் இல்லாமற் போனது. அங்கு எழுத்தாளரே விலை வைக்கலாம். அவுஸ்திரேலியக் கடையில் 3.99 டொலரிலிருந்து 11.99 டொலர் வரை வைத்தால் எழுபது வீதம் எழுத்தாளருக்கு. அதற்குக் கீழே இறக்கினால் முப்பத்தைந்து வீதந்தான். சென்னையில் அச்சாகும் நூலுக்கு வழக்கமான உரிமைத்தொகை பத்து வீதம். அதாவது 400 ரூபா நூலுக்கு 40 ரூபா, எமது காசில் ஒரு டொலருக்கும் குறைவு. அதுவும் பல எழுத்தாளர்களுக்குக் காசாக வருவதில்லை, பிரதிகளாகவே வருகிறது. 3.99 டொலர் மின்னூல் ஒன்று விற்றால், வரி கழித்த பின்னும் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அவர் கைக்கு வரும். வாசகருக்கு மலிவு, எழுத்தாளருக்கு இலாபம். இப்படி இருந்தும் எமது வாசகர் நாலு டொலர் கொடுத்துத் தமிழ் மின்னூல் வாங்கத் தயங்குகிறார். ஒரு கோப்பிக்கு ஐந்து டொலர் கொடுக்கும்போது வராத தயக்கம் இது.

இந்தத் தயக்கத்தின் வேரை வெளியீட்டு விழாக்களில்தான் தேட வேண்டும். எமது புலம்பெயர் சூழலில் புத்தகம் கடையில் விற்கப்படும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. எழுத்தாளர் தனது சேமிப்பிலிருந்து சென்னையில் முந்நூறு பிரதி அடிப்பிக்கிறார். ஒரு மண்டபம், குத்துவிளக்கு, வரவேற்புரை, நீண்டு போகும் ஆய்வுரை, இடையில் வடையும் தேநீரும். பிறகு பெயர் சொல்லி ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் ஒட்டிய என்வலப்பை நீட்டிச் சிறப்புப் பிரதியைப் பெற்றுப் படத்துக்கு நிற்பார். என்வலப்பில் இருபதும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்ட விலைக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. அது கலியாண வீட்டு மொய்க்குக் கிட்டிய உறவு. கொடுத்தவர் புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே அலுமாரியில் வைத்துவிடலாம். ஆனால் அச்சுக்கூலி அன்றிரவே தேறிவிடும். மிஞ்சிய நூறு நூற்றைம்பது பிரதிகள் கராஜில் பெட்டிகளாக அடுக்கப்பட்டு ஈரத்தில் ஊறும்.

இந்த முறையை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. சிட்னியில் வாழ்ந்த எஸ்.பொ. சென்னையில் மித்ர பதிப்பகத்தை நடத்தி 1994இல் ‘பனியும் பனையும்’ தொகுப்பைக் கொண்டுவந்த காலந்தொட்டு, இங்கிருந்து எழுதியவர்கள் அச்சுக்குப் போனதெல்லாம் சொந்தக் காசிலும் நண்பர்களின் தோளிலும்தான். அரசும் இதில் கைகொடுப்பதற்கில்லை. நூலக இரவலுக்காக எழுத்தாளருக்குக் கொடுப்பனவு தரும் திட்டம் இந்த நாட்டில் 1970களிலிருந்து இருக்கிறது. 2023இல் மின்னூலுக்கும் விரிந்தது. ஆனால் பொது நூலகங்களில் குறைந்தது ஐம்பது பிரதியாவது இருப்பதாகக் கணிக்கப்பட வேண்டும். எந்தத் தமிழ் நூலுக்கு அந்தப் பாக்கியம்? என்வலப் இல்லாவிட்டால் அவுஸ்திரேலியத் தமிழ் இலக்கியம் என்று பேச இத்தனை நூல்கள் இருந்திருக்காது. எமது முறைப்பாடு இதுதான்: முப்பது வருடங்களாக நாம் எழுத்தாளருக்கு மரியாதை செய்யப் பழகினோமே தவிர, எழுத்துக்கு விலை கொடுக்கப் பழகவில்லை. மின்னூலுக்கு மேடை இல்லை, படம் இல்லை, பெயர் சொல்லி அழைப்பும் இல்லை. வாசிப்பதற்கு மட்டுமே காசு கொடுக்க வேண்டிய முதலாவது தமிழ்ப் புத்தகம் அது. அதனால்தான் நாலு டொலர் கனக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மதுரைத் திட்டம் 1998இலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கி ஆயிரக்கணக்கான பக்கங்களை இலவசமாகத் தந்திருக்கின்றன. 1981இல் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகத்துக்கு இந்தச் சேவையின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. அந்த இலவசத்துக்கும் யாரோ காசும் நேரமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் மறந்துபோகிறது. அச்சில் இல்லாத, மறுபடி வரவும் வாய்ப்பில்லாத நூலைக் காப்பாற்றுவது ஒன்று. போன மாதம் வந்த நாவலைத் தொலைபேசியில் படம் பிடித்து, ‘வாசித்துப் பாருங்கோ அண்ணை’ என்று நூறு பேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது முற்றிலும் வேறொன்று. இரண்டுக்கும் ‘தமிழ் வளர்ச்சி’ என்று ஒரே பெயர் சூட்டுபவர்களை நாம் அறிவோம்.

மின்னூல் ஏன் மலிவாக இருக்க வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அதை எவரும் சொல்வதில்லை. நாம் வாங்குவது புத்தகத்தையல்ல, வாசிக்கும் அனுமதியை. 2009இல் ஓவலின் ‘1984’ நூலை, உரிமைச் சிக்கல் என்று கூறி, அமேசன் காசு கொடுத்து வாங்கியவர்களின் கின்டில்களிலிருந்தே அழித்தது. 2019இல் மைக்ரோசொவ்ற் தனது மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் எல்லாம் போயின. காசு திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. இரவல் கொடுக்க முடியாத, பிள்ளைக்கு விட்டுச்செல்ல முடியாத ஒன்றுக்கு அச்சுப் பிரதியின் விலையைக் கேட்பது அநியாயம். ஆனால் எமது அச்சுப் பிரதிகளை மட்டும் யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்? தமிழ் வாசிக்காத பிள்ளைகள் தகப்பனின் அலுமாரியை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். தர்மக் கடைக்காரருக்கும் அவை வேண்டாம். அதேவேளை, கண்ணில் சத்திரசிகிச்சை செய்த எழுபது வயதுக்காரர் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி நாவல் வாசிக்கிறார் என்றால், அது மின்னூலால்தான்.

இங்குள்ள எழுத்தாளர்கள் முந்நூறு அடிப்பதை நிறுத்தி, நூறு அடித்தாற் போதும். அதே விழாவில் மின்னூலையும், வேறெவரும் தூரத்திலிருந்து அழிக்க முடியாத கோப்பாக, ஒரு சிறு அட்டையில் வைத்து விற்கலாம். விலை ஐந்து டொலர் என்று கண்ணுக்குத் தெரிய எழுதி வைக்க வேண்டும். என்வலப் கொண்டுவருபவர்களையும் நாம் தடுக்கப் போவதில்லை.