ஓ மை டாக்: ஒரு மதிப்பீடு

‘ஓ மை டாக்’ சரோவ் சண்முகம் இயக்கி 2022-ல் வெளியான குடும்பத் திரைப்படம். கதை ஊட்டியில் நிகழ்கிறது. விஜயகுமார், அருண் விஜய், ஆர்ணவ் விஜய் மூவரும் தாத்தா, தந்தை, மகனாகவே நடித்தனர்.

பார்வையற்றது என்று ஒதுக்கப்பட்ட சைபீரியன் ஹஸ்கி குட்டியைச் சிறுவன் எடுத்து வளர்க்கிறான். அவன் அன்புக்கு நிபந்தனை இல்லை. அதுவே படத்தின் வலு. கதையோ நிபந்தனை விதிக்கிறது. குட்டி சிகிச்சையால் பார்வை பெற்று, நாய்களுக்கான போட்டியில் வென்றாக வேண்டும். குறையுடனேயே மகிழ்ந்து வாழும் உயிர் திரையில் நீடிப்பதில்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் வேட்டைநாய் கருப்பி சாதி வன்மத்துக்குப் பலியாகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், வெளிநாட்டு இன நாய்க்குக் கோப்பையும் சேரி நாய்க்குச் சாவும் வாய்த்திருப்பது தெரிகிறது. கருப்பி போன்ற நாயும் குடும்பச் சிரிப்பில் இடம்பெறும்போதே இவ்வகைப் படங்கள் எல்லா வீடுகளுக்கும் உரியவையாகும்.