ஒரு–ஓர், ஏ–ஆன்: தொடக்கநிலை ஆங்கிலக் கற்பித்தலில் ஓர் ஒப்புமையின் எல்லைகள்

முன்னுரை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு 'ஏ', 'ஆன்' ஆகிய ஆங்கில ஆர்ட்டிகிள்களைக் கற்பிக்க இரு வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தனுள் ஒன்றில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஆன்' வரும் என்னும் விதி ஒன்று. 'ஒரு', 'ஓர்' போன்றவையே 'ஏ', 'ஆன்' என்னும் ஒப்புமை மற்றொன்று. முன்னது பிழையானது, பின்னது பாதி உண்மையே. இவற்றை மதிப்பிட்டு, மாற்றுவழி ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

எழுத்தும் ஒலியும்

'ஏ', 'ஆன்' வேறுபாடு எழுத்தைச் சார்ந்ததன்று, ஒலியைச் சார்ந்தது. சீருடையைக் குறிக்கும் 'யூனிஃபார்ம்' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினும் யகர ஒலி பெறுவதால் 'ஏ' ஏற்கும். மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' மெய்யெழுத்தில் தொடங்கினும் அவ்வெழுத்து ஒலிக்காமையால் 'ஆன்' ஏற்கும். கற்பித்த விதியை வழுவாது பின்பற்றும் குழந்தையே 'ஆன் யூனிஃபார்ம்' என எழுதி மதிப்பெண் இழக்கிறது. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைக்குச் செவிப்பழக்கம் துணைசெய்யும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு விதி ஒன்றே துணை. எனவே விதியின் பிழை அக்குழந்தையையே மிகுதியும் பாதிக்கிறது.

ஈண்டுத் தமிழ் எழுத்துமுறை பயன்படும். இச்சொற்களைத் தமிழில் எழுதியவுடன் 'யூ' உயிர்மெய் என்பதும் 'அ' உயிர் என்பதும் புலப்படுகின்றன. எனினும் பேச்சுத்தமிழில் சொல்முதல் எகரம் யகரச் சாயலும் ஒகரம் வகரச் சாயலும் பெறும். முட்டையைக் குறிக்கும் 'எக்' என்பதை 'யெக்' என ஒலிக்கும் குழந்தை 'ஏ' எனத் தேர்வது இயல்பே. ஆகவே உச்சரிப்புப் பயிற்சி விதிக்கு முன்னதாக அமைதல் வேண்டும்.

ஒப்புமையின் எல்லை

'ஒன்று' என்னும் எண்ணுப்பெயர் புணர்ச்சியில் 'ஒரு', 'ஓர்' என ஆவதைத் தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியலும் நன்னூலும் விளக்குகின்றன. ஆங்கிலத்திலும் 'ஒன்று' எனப் பொருள்படும் பழஞ்சொல்லே 'ஆன்' ஆயிற்று. மெய்யொலிக்கு முன் அதன் னகரம் கெட்டு 'ஏ' தோன்றியது. வரலாற்றளவில் ஒப்புமை பொருந்துகிறது. ஆனால் இன்றைய பேச்சுவழக்கில் 'ஒரு' எங்கும் வருகிறது; 'ஓர்' குழந்தைக்குப் பள்ளியில் வந்து சேரும் வடிவம். அறியாத ஒன்றைக் கொண்டு அறியாத மற்றொன்றை விளக்க இயலாது.

பயன்பாட்டிலும் வேறுபாடு உண்டு. 'அக்கா ஆசிரியர்' என்னும் தொடர் தமிழில் 'ஒரு' இன்றியே நிறைவுறுகிறது. ஆங்கிலத்தில் 'ஏ' கட்டாயம். மாறாக, 'ஓர் அறிவுரை', 'ஒரு தகவல்' எனத் தமிழ் எண்ணுபவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகள் 14 இலக்கணக் கூறுகளைக் கைக்கொண்ட வரிசையில் ஆர்ட்டிகிள்கள் பன்மை விகுதிக்கும் பின்னரே, எட்டாம் இடத்தில் அமைந்தன. தமிழ்க் குழந்தையிடம் அவற்றை முதற்பாடத்திலேயே பிழையின்றி எதிர்பார்ப்பது முறையன்று.

மாற்றுவழி

ஆர்ட்டிகிள் தமிழில் இல்லை. அது உணர்த்தும் பொருள் உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை இலக்கணம் கற்காமலேயே அறியும். ஐயுருபு பெற்ற புத்தகம் கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம். 'ஒரு ஊரில் ஒரு ராஜா' எனத் தொடங்கும் கதை அடுத்த தொடரில் 'அந்த ராஜா' என்று மாறுவதும் இவ்வறிவே. முதலில் அறிமுகம், பின்னர் சுட்டு என்னும் இம்முறை 'ஏ', 'தி' வேறுபாட்டோடு பெரிதும் ஒத்துச்செல்கிறது.

முடிவுரை

கதைவழிப் பொருளை முதலிலும், ஒலிவழி 'ஏ', 'ஆன்' தேர்வை அடுத்தும், எழுத்துவடிவை இறுதியிலும் கற்பிப்பதே பொருத்தமான வரிசை. தாய்மொழியறிவை இடையூறாகக் கருதாது தொடக்கப்புள்ளியாகக் கொள்ளும் வகுப்பறையில், விதியை நம்பிய குழந்தை தண்டனை பெறும் நிலை நேராது.